இடது மூலை

தலையை எதற்கு அப்படித் திருப்பி வைத்துக்கொள்கிறான். முதல் ரெய்டிலேயே கண்ணில் பட்டது, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன், ஒவ்வொருவருக்கும் ஒரு கோணல் உண்டு, எனக்கு ஆட்டத்தில் நாக்கைக் கடித்துக்கொள்கிற பழக்கம் இருந்தது, வெட்டுப்பட்டு ரத்தம் வந்த பிறகும் போகவில்லை, இவனுக்கு இது போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் மூன்றாவது ரெய்டிலும் அதே. நடுக்கோட்டைத் தாண்டி கபடி கபடி என்று இறங்கும்போதே முகம் வலது தோள் பக்கமாகக் கால்வாசி திரும்பிவிடுகிறது, தாடை கொஞ்சம் மேலே, தூரத்தில் யாரோ கூப்பிட்டதைக் கேட்கிறவன் மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, பின்வரிசையில் கல்லூரிப் பெண்கள் அதற்கே கத்துகிறார்கள், லிங்கா, லிங்கா. என் மடியில் டேப்லெட். லிங்கதுரை, இருபத்தொரு வயது, பி.ஏ. மூன்றாம் ஆண்டு, ரெய்டர். கீழே கட்டங்கள், வேகம், கை எட்டும் தூரம், மூச்சு, துணிச்சல், ஆட்ட அறிவு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை, எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று வட்டம், பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை போட்டால் எங்கள் அணி இவனைக் கேட்கும், தொழில்முறை ஆட்டத்துக்குப் போவான், டிவியில் வருவான். சிவப்பு போட்டால் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஆடிய பையன்களில் ஒருவன். ஐந்து மணிக்குப் பட்டியல் மூடிவிடும், இப்போது மூன்று பத்து. பெங்களூரில் உட்கார்ந்திருக்கிற மேலாளர் கௌஷிக் காலையிலிருந்து நாலு தரம் கூப்பிட்டுவிட்டார், “ஜெசிந்தா மேடம், வீடியோ எல்லாம் பாத்தாச்சு, எங்களுக்கு ஓகே, நீங்க நேர்ல ஒரு தடவை பாத்து பச்சை போட்டுடுங்க, சும்மா ஃபார்மாலிட்டி.” போன வருடம் நான் பச்சை போட்டவன் நாலு ஆட்டத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தான், அதை அவர் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதைத்தான் நான் கேட்டேன். ஆண்கள் அணிக்கு ஆள் பார்க்க ஒரு பொம்பளை எதற்கு என்று கேட்டவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். சற்றுமுன் ஒலிபெருக்கியில் முன்னாள் இந்திய வீராங்கனை என்றார்கள், எழுந்து கும்பிட்டேன், முழங்கால் சொடுக்கியது. வேகம் எட்டு. எட்டு என்று அடித்துவிட்டேன். தலையை எதற்குத் திருப்புகிறான்.

சித்திரை வெயில் கூரையில் விழுந்து உள்ளே ஆவியாக இறங்குகிறது, மின்விசிறி சூட்டைத்தான் தள்ளிக்கொடுக்கிறது, ரப்பர் விரிப்பின் வாடை, நாற்காலியின் பிளாஸ்டிக் தொடையில் ஒட்டுகிறது. மறுபடி இறங்குகிறான். வலது ஓரக்கோட்டை ஒட்டியே போகிறான், இதுவும் மூன்றாம் தரம், நான்காம் தரம், கோட்டில் கயிறு கட்டி நடக்கிற மாதிரி, ஏழு பேரையும் தன் இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு. போன வருட வீடியோவில் இவன் இப்படி இல்லையே. அதில் நடுவில் இறங்கி இரண்டு பக்கமும் கலைத்துவிட்டு, ஒருவனைத் தொட்டதும் முதுகைக் காட்டித் திரும்பி ஒரே ஓட்டமாக நடுக்கோட்டுக்குப் பாய்வான், அந்தத் திரும்பலைத்தான் கௌஷிக் எனக்கு மூன்று தரம் ஓட்டிக் காட்டினார். இன்று ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. தொட்டுவிட்டு முகத்தை அவர்கள் பக்கம் வைத்தபடி பின்னாலேயே வருகிறான், பின்னாலேயே, நண்டு மாதிரி. திரும்பினால் என்ன ஆகும், திரும்பினால் ஏழு பேரும் வலப்பக்கம் வந்துவிடுவார்கள். வலப்பக்கம். வேண்டாம், நினைக்காதே, சுளுக்காக இருக்கும், கழுத்துச் சுளுக்கு, தலையணை சரியில்லை, ஹாஸ்டலில் என்ன தலையணை இருக்கும். புள்ளி எடுத்துவிட்டு வருகிறான், கூட்டாளி வலப்பக்கத்திலிருந்து கையைத் தாழ நீட்டுகிறான், அடிப்பதற்கு, இவன் கடந்து போகிறான், அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. பெஞ்சிலிருந்து ஒருவன் தண்ணீர் பாட்டிலை எறிகிறான், இடுப்பு உயரத்துக்கு, வலப்பக்கம், பாட்டில் இவன் விலாவில் பட்டு உருள்கிறது. சிரிக்கிறார்கள். இவனும் சிரிக்கிறான், குனிந்து தேடுகிறான், முழுத் தலையையும் திருப்பித் தேடுகிறான். என் விரல் டேப்லெட்டில் எட்டுக்கும் ஏழுக்கும் நடுவே நிற்கிறது, வியர்வையில் கண்ணாடி ஏற்கவில்லை. கண். வலது கண், ஓரமும் கீழும். சுளுக்கு இல்லை.

தெரிந்தவுடன் முதலில் வந்தது பரிதாபம் இல்லை. அதை எனக்கு நானே மறைத்து என்ன பயன். முதலில் என் இடது கால் நாற்காலிக்கு அடியில் பின்வாங்கியது, கை இரண்டும் மடிக்கு மேல் கிண்ணம் மாதிரி வளைந்தன. நான் ஆடிய இடம் இடது மூலை. பிடிக்கிறவர்களுக்கு இடது, பாடி வருகிறவனுக்கு அதுதான் வலது. இவன் பார்க்காத மூலையில்தான் நான் பதினோரு வருடம் குனிந்து நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியும், ஓரக்கோட்டின் விளிம்புவரை ஒதுங்கி, அசையாமல், அவனைத் தாண்ட விட்டு, அவன் பின்னுக்கு வருகிற முதல் அடியில் கணுக்காலை அள்ள வேண்டும். தாடை மேலே இருக்கிறவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. மூன்று நொடி போதும். இவ்வளவு சுத்தமாக என் உடம்பு கணக்குப் போடுகிறது, யாரும் கேட்காமலே. கனகவேணிக்கும் இப்படித்தான் போட்டது. எதற்கு இப்போது அவள். மாநில இறுதி ஆட்டம், திண்டுக்கல் அணியின் ரெய்டர், என்னைவிட ஒரு வயது சின்னவள், முழங்காலில் வெள்ளைப் பட்டை சுற்றாமல் வந்தாள், பட்டை சுற்றினால் வலி இருப்பது தெரிந்துவிடும் என்று, ஆனால் படி ஏறும்போது இடது காலை முதலில் வைக்கவில்லை, அதை எங்கள் பயிற்சி மாஸ்டர் பார்த்துவிட்டார். என் காதில் குனிந்து சொன்னார், “இடது முட்டில பழுது இருக்கு, அதப் பாத்துப் பிடி.” பார்த்துத்தான் பிடித்தேன். கணுக்காலை அள்ளி, என் எடை முழுக்க வெளிப்பக்கம் சாய்த்து. ஒரு சத்தம் வந்தது, ஈர விறகு முறிகிற சத்தம், அரங்கம் கத்திக்கொண்டிருந்ததால் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்டது. அந்தப் பிடிக்குத்தான் என்னை இந்திய முகாமுக்கு எடுத்தார்கள், தேர்வாளர் ஒருவர் முதுகில் தட்டி, “பலவீனத்தப் பாத்து அடிக்கிற பாரு, அதான் அறிவு” என்றார். அவள் அதற்கப்புறம் ஆடவில்லை. ஒன்பது வருடம் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் பார்த்தேன், கையில் பிள்ளை, தாங்கித் தாங்கி நடந்து வந்து, திட்டப்போகிறாள் என்று நான் நின்றேன், “நல்ல புடிதான்க்கா அது” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் மனசில் இருந்திருக்காது. இன்று தேர்வாளர் நாற்காலியில் நான். மறைத்து வைத்த பழுதை ஒருத்தி பார்த்துவிட்டால் மற்றவர்களும் பார்ப்பார்கள், தொழில்முறை ஆட்டத்தில் மூன்று ஆட்டம் தாங்காது, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற ஆட்கள் அங்கே. எதிரணியின் இடது மூலையில் நிற்கிற குள்ளமான பையன், நாலாம் எண் பனியன், அவனுக்கு இன்னும் தெரியவில்லை. தெரியக் கூடாது. ஊதல். இடைவேளை, ஐந்து நிமிடம். லிங்கதுரையின் அணி இரண்டு புள்ளி பின்னால்.

படி இறங்கிப் போகிறேன். லிங்கதுரை தரையில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான், வலப்பக்கமாகப் போய் நிற்கிறேன், வேண்டுமென்றேதான், கையைத் தாழ நீட்டினேன். அவன் பார்க்கவில்லை. பயிற்சியாளர் தங்கப்பழம் பார்த்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர், இந்தக் கல்லூரியில் இருபது வருடமாக இருக்கிறார், ஒரு பையனைக்கூடப் பெரிய அணிக்கு அனுப்ப முடியவில்லை என்று காலையில் டீ குடிக்கும்போது சொன்னவர். “ஏல லிங்கா, மேடம் வந்திருக்காவ பாரு” என்று அவசரமாகச் சொன்னார். அவன் சட்டென்று எழுந்து, “வணக்கம் மேடம்” என்று இரண்டு கையாலும் கும்பிட்டான். வெள்ளைப் பல். கழுத்தில் கருப்புக் கயிறு. “இடது கண்ண மூடு தம்பி” என்றேன். சிரிப்பு நின்றது. “எதுக்கு மேடம்?” “மூடு.” மூடினான். “என் மூக்கையே பாரு, கண்ண அசைக்காத. என் மூக்கு தெரியுதா?” “நல்லாத் தெரியுது மேடம்.” என் கையை அவன் இடுப்புக்கு வெளியே வலப்பக்கம் தாழ்த்தினேன். “இங்க எத்தன விரல்?” அவன் தங்கப்பழத்தைப் பார்க்க ஆசைப்பட்டது தெரிந்தது. “மூணு,” என்றான். நான் விரலே நீட்டவில்லை, முஷ்டி மூடியிருந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன், அவன் இடது கண்ணைத் திறந்து, குனிந்து, முஷ்டியைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். தங்கப்பழம் என் முழங்கையைத் தொடாமல் தொட்டு ஒதுக்கிக் கூட்டிப் போனார். “மேடம், மாசி மாசம் ஒரு டோர்னமெண்ட்ல எவனோ முட்டியால கண்ணுல இடிச்சிட்டான். ரெண்டு நாள் வீங்கிருந்துச்சு, சரியாப் போச்சு. அவன் படிப்பான், போர்டுல உள்ளத வாசிப்பான், நடுவுல ஒரு கோளாறும் இல்ல. தேர்வு முடியட்டும், பொறவு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க பாத்ததப் பாக்காத மாதிரி இருந்துக்கோங்க.” அவர் குரலில் கள்ளம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. லிங்கதுரை பின்னாலேயே வந்துவிட்டான். “சாருக்கு முழுசாத் தெரியாது மேடம். மொதல்ல பூச்சி பறக்குற மாதிரி இருந்துச்சு, பொறவு மின்னல் அடிக்கும். பத்து நாளா ஓரத்துல கருப்பா இருக்கு. நேத்து இங்கன இருந்துச்சு,” விரலால் கன்னத்தைக் காட்டினான், “இன்னிக்கு இங்கன ஏறிட்டு.” தங்கப்பழம் அவனைப் பார்த்தார். “எங்கிட்ட நீ சொல்லலயேல.” “சொன்னா உக்கார வச்சிருப்பிய.” ஊதல்.

மேலே ஏறாமல் கதவோரம் நின்று விமலாவுக்குப் போன் போடுகிறேன், என் நாத்தனார், டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எடு, எடு, எடுக்கிறாள். கேட்டுக்கொண்டே வந்தவள் கருப்பு ஏறுகிறது என்றதும் குறுக்கிட்டாள். “எந்தப் பக்கத்துல இருந்து மதினி? நடுவு நல்லாத் தெரியுதா? தெரியுதுல்ல, அப்ப இன்னும் கழண்டு நடுவுக்கு வரல. கண்ணுக்கு உள்ள இருக்க விழித்திரை பிரிஞ்சுட்டு வருது. நடுவுக்கு வந்துட்டா போச்சு, பொறவு ஒட்டினாலும் பழைய பார்வ வராது. ஒக்கார வையுங்க அந்தப் பையன, குதிக்க விடாதீங்க, இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, டாக்டர் ஆறு மணி வரைக்கும் இருப்பாரு.” “இப்ப ஆடிட்டு இருக்கான்.” “ஆடுதானா!” என்றாள். அவன் இறங்குகிறான். இறங்கிவிட்டான். ஒவ்வொரு குதிக்கும் சுவரில் ஈரம் பட்ட காகிதம் பிய்கிற மாதிரி பிய்யுமா அவன் கண்ணுக்குள்ளே, ஒரு மயிரிழை, ஒரு குதி, இன்னொரு மயிரிழை. பக்கம் மாறியிருக்கிறார்கள், இப்போது அவன் ஓரக்கோடு என் பக்கம், ஆறடி தூரத்தில், மூச்சுகூடக் கேட்கிறது. தொட்டுவிட்டான், பின்னாலேயே வருகிறான், தப்பினான். தங்கப்பழம் பெஞ்சில் உட்காரவில்லை, அவனை உட்கார வைக்கவும் இல்லை, நான் கையைக் காட்டுகிறேன், வெளியே எடுங்கள் என்று, அவர் பார்க்கிறார், பார்க்காதவர் மாதிரி வியர்வையைத் துடைக்கிறார். அப்புறம் கடிகாரத்தைக் காட்டுகிறார். இருபது வருடம் காத்திருந்தவருக்குப் பதிமூன்று நிமிடம் பெரிதாகத் தெரியவில்லை. நான் போய் நடுவரிடம் சொல்லலாம், என்ன சொல்வது, நான் யார், டாக்டரா, அவன் தாயா. நான் ஒரு டேப்லெட். டேப்லெட்டில் ஒரு வட்டம். அடுத்த ரெய்டில் நாலாம் எண் பையன் பிடிக்கப் பாய்ந்து தவறினான், விழுந்தவன் எழவில்லை, படுத்தபடி லிங்கதுரையின் முகத்தைப் பார்க்கிறான். தலையைப் பார்க்கிறான். எழுந்து பக்கத்தில் நிற்கிறவன் காதில் ஏதோ சொல்கிறான். அடுத்த தரம் அவன் ஓரக்கோட்டின் விளிம்புவரை ஒதுங்கி, குனிந்து, அசையாமல் நிற்கிறான். அந்த நாளில் நான் நின்ற மாதிரியே நிற்கிறான். கண்டுபிடித்துவிட்டான்.

கடைசி ஆறு நிமிடம், மூன்று புள்ளி பின்னால், தங்கப்பழம் டைம் அவுட் கேட்டார். முப்பது நொடி. போவதா வேண்டாமா என்று யோசித்ததே தெரியவில்லை, விரிப்பின் ஓரத்தில் நிற்கிறேன், பையன்களெல்லாம் என்னைப் பார்க்கிறார்கள். இவன் யாருக்காக ஆடுகிறான், எனக்காக, என் வட்டத்துக்காக, அந்த வட்டத்தை எடுத்துவிட்டால் நின்றுவிடுவான், அதுதான் என் கணக்கு. பலவீனத்தைப் பார்த்துப் பிடி. “லிங்கதுரை,” என்றேன், டேப்லெட்டை அவன் இடப்பக்கம் பிடித்து, “உன்ன நாங்க எடுக்கல. சிவப்புப் போடப் போறேன். இனிமே ஆடி ஒண்ணும் ஆகப்போறதில்ல. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.” அவன் முகம் ரத்தம் இறங்கி வெளுப்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். தங்கப்பழம், “மேடம்!” என்றார். லிங்கதுரை உதட்டை நாக்கால் ஈரப்படுத்தினான். கோபப்படுவான் என்று நினைத்தேன், அழுவான் என்றுகூட நினைத்தேன். “சரி மேடம்,” என்றான் மெதுவாக, “இம்புட்டு நேரம் உங்களுக்காவ ஆடுனேன். இனி எனக்காவ ஆடுதேன்.” திரும்பி நடந்தான். கிடைத்த காலைப் பிடித்து, கை வழுக்கி, விரிப்பில் முகம் தேய விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. இருபத்தைந்து வருடமாக இந்த ஆட்டத்தில் இருக்கிறேன், ஒருவன் எதற்காக ஆடுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. ஊதல். முன்னால் இரண்டு ரெய்டு வெறுமனே திரும்பியிருக்கிறார்கள், இது மூன்றாவது, தொடாமல் திரும்பினால் இவன் அவுட். போகிறான். ஓரக்கோட்டை ஒட்டி, என் காலடிக்கு நேரே. முகத்தைத் திருப்பவில்லை இந்தத் தரம், நேராக வைத்திருக்கிறான், பழைய வீடியோவில் மாதிரி, முட்டாள், அழகன், உள்ளே உள்ளே போகிறான், நடுவில் நின்றவனைத் தொட்டான், இன்னொருவனை, இரண்டு, அரங்கம் எழுந்துவிட்டது, நாலாம் எண் அசையவில்லை, இவனைத் தாண்ட விடுகிறான், விடுகிறான், இப்போது கையைக் கிண்ணமாக்குகிறான், எனக்குத் தெரியும் அந்தக் கை, எடை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும், இவன் விழுந்தால் தலைதான் முதலில் விரிப்பில் அடிக்கும், “வலது!” யார் கத்தியது, “வலது, கீழ, கீழடா!” என் தொண்டை கிழிகிறது, லிங்கதுரையின் கண் ஒரு கணம் வலப்பக்கம் கீழே ஓடியது, பார்த்தான், எதையும் பார்க்காதவன் மாதிரி பார்த்தான், ஆனாலும் குதித்தான், காலுக்குக் கீழே நாலாம் எண்ணின் கை காற்றை அள்ளியது, விரல் நுனி கணுக்காலை உரசி விலகியது, நடுக்கோட்டுக்கு மேல் கைகளை ஊன்றி விழுந்தான். நாலாம் எண்ணையும் சேர்த்து மூன்று புள்ளி. சமம்.

கூட்டாளிகள் அவன் மேல் விழப் போனார்கள், “தொடாதீங்க, தலையத் தொடாதீங்க” என்று விரிப்புக்குள்ளேயே ஓடினேன், நடுவர் என்னைப் பார்த்து ஊதினார், ஊதட்டும். லிங்கதுரை தானாகவே எழுந்தான். கொண்டாடவில்லை. கையைத் தூக்கி, ஆள் மாற்றச் சொல்லிச் சைகை காட்டினான், தங்கப்பழத்தைப் பார்த்து, இரண்டு தரம். பெஞ்சுக்கு வந்து உட்காரவும் இல்லை, என்னிடம் வந்தான். “நீங்க கத்துனதும் பாத்தேன் மேடம். அங்கன ஆளே இல்ல. வெறும் கருப்பு. ஆளே இல்லாத எடத்துல இருந்து கை வந்து காலத் தொடுது மேடம்.” அதை மறுபடி சொன்னான், ஆளே இல்ல என்று. இருபத்தொரு வயதுப் பையன், இவ்வளவு நேரம் பயமே இல்லாமல் ஏழு பேர் நடுவில் போனவன், என் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான், பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை. தங்கப்பழம் ஒரு முடிவும் சொல்லாமல் உதவிப் பயிற்சியாளரிடம் ஊதலைக் கொடுத்தார், “நீ பாத்துக்கோ” என்றார், கார் சாவியைத் தேடினார், சட்டைப் பையில், கால்சட்டைப் பையில், கையிலேயே இருந்தது. நாங்கள் கதவைத் தாண்டும்போது பின்னால் அரங்கம் கத்தியது, யாருக்காக என்று மூன்று பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

காரில் அவனைப் பின்சீட்டில் சாய்ந்து உட்காரச் சொல்லி, தலைக்கு என் கைப்பையை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். தங்கப்பழம் முப்பதுக்கு மேல் போகவில்லை, ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்று ஏறி இறங்கினார், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும், இன்னும் மெதுவாப் போங்க சார். அவர் முகம் கண்ணாடியில் தெரிந்தது, ஒரு தரம் மட்டும், “கேட்டிருக்கணும், நா ரெண்டாவது தரம் கேட்டிருக்கணும்” என்றார், பதில் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. நாலு நாற்பது. கௌஷிக் கூப்பிடுகிறார். “மேடம், உங்க ஃபார்ம் மட்டும்தான் வரல, பச்சைதானே?” மஞ்சள் போடலாம், மஞ்சள் யாரையும் காயப்படுத்தாது, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம், பின்னால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சொல்லாமலே விடலாம், பட்டியல் மூடிவிடும். பச்சை போட்டால் இவன் முகத்தில் இப்போது, இந்த நிமிடம், ஒரு வெளிச்சம் வரும், அடுத்த மாதம் எவனாவது ஒரு நாலாம் எண் அதை அணைப்பான். “சிவப்பு,” என்றேன். “என்ன மேடம் சொல்றீங்க, அந்தப் பையன் சூப்பர் ரெய்டு எடுத்தான்னு இப்பதான் மெசேஜ் வந்துச்சு.” “எடுத்தான். அவனுக்கு ஒரு கண்ணுல பார்வ போயிட்டு இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்த வருஷம் அவன் ஆடக் கூடாது. குறிப்புல எழுதி அனுப்புறேன்.” “வேற யாராச்சும் இருக்காங்களா?” என்றார். “எதிர் டீம்ல நாலாம் நம்பர், இடது மூலை. அவனப் பாருங்க, அவனுக்குக் கண்ணு இருக்கு.” போனை வைத்த பிறகுதான் எந்த வார்த்தையைச் சொன்னேன் என்று புரிந்து உடம்பு கூசியது. லிங்கதுரை கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஜன்னல் பக்கம் முகம். “அவன் நல்லாத்தான் ஆடுதான் மேடம்,” என்றான்.

சொட்டு மருந்து விட்டு அரை மணி, கண்ணின் பாப்பா விரிகிற வரை, பிறகு இருட்டறையில் டாக்டர் நெற்றியில் விளக்கோடு குனிந்து, மேலே பாருங்க, கீழ பாருங்க, வலது, இன்னும் வலது. விமலா வாசலில் நின்றாள், நான் சுவரில் ஒட்டி நின்றேன், தங்கப்பழம் உள்ளே வரவே இல்லை. டாக்டர் விளக்கைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவனிடமே சொன்னார், அது எனக்குப் பிடித்தது. “திரை பாதிக்கு மேல கழண்டிருச்சு. ஆனா நடுப்புள்ளி இன்னும் ஒட்டித்தான் இருக்கு, ஒரு நாள் தாமதிச்சிருந்தா அதுவும் போயிருக்கும். நாளைக்குக் காலையில மொத ஆளா ஆப்பரேஷன். வாசிக்க, வண்டி ஓட்ட, பாக்க, எல்லாம் முடியும்னு நம்புறேன்.” “கபடி?” என்றான். டாக்டர் யோசித்தார். “ஒரு வருஷம் பேச்சே எடுக்கக் கூடாது. அதுக்கப்புறமும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன். கேக்குறதும் கேக்காததும் உங்க இஷ்டம்.” படுக்க வைத்தார்கள், வலது கண்ணில் வெள்ளைக் கட்டு, தலையை அசைக்கக் கூடாது என்று விமலா இரண்டு பக்கமும் தலையணையை அண்டை கொடுத்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கலாமா, எதற்கு, ஆறுதல் சொல்லலாமா, ஒரு வருடம் ஓடிவிடும் என்றா, எனக்கே நம்பிக்கை இல்லாததை. அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான், இடது கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு காதுக்குள் போனது, துடைக்கவில்லை. அம்மாவுக்குத் தங்கப்பழம் சார் போன் பண்ணியிருக்கிறார், ஏழு மணிக்குள் அம்மா வந்துவிடுவார் என்றேன். ம் என்றான். வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள். “மேடம்,” என்றான், “ஆட்டத்துக்கு எத்தன போட்டிய? பத்துக்கு.” பொய் சொல்ல நேரம் இருந்தது. “ஏழு,” என்றேன். “ஏழா!” தலையணைகள் சரிந்தன, கட்டிலிலிருந்து பாதி எழுந்துவிட்டான், “மூணு பேரத் தொட்டு வந்திருக்கேன், ஏழா?” விமலா ஓடி வந்து இரண்டு தோளையும் அமுக்கினாள். “போனஸ் கோட்டத் தாண்டத் தயங்குற,” என்றேன், “முதல் பாதியில ரெண்டு இடத்துல வழி இருந்துச்சு, நீ போகல. மூச்சும் இருபத்தஞ்சு நொடியில தளருது.” “தளரல. அது மூச்சு இல்ல மேடம், விரிப்பு வழுக்குச்சு, நீங்க அந்தப் பக்கம் இருந்திய, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.” “எனக்குத் தெரியும்.” “இல்ல மேடம், கேளுங்க,” என்று போர்வையை விரிப்பாக்கி அதன் மேல் விரலால் கோடு போடத் தொடங்கினான், இது நடுக்கோடு, இது ஓரக்கோடு, இங்கன நா, நான் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.